பெயர் சொல்லி அழைத்த தேவாலயங்கள்

தன்பாலீர்ப்பாளர்களையும் திருநர்களையும் ஒளிவுமறைவின்றி உறுப்பினராக ஏற்கும் கிறித்தவச் சபைகள் இன்று அமெரிக்காவின் பெருநகரங்கள் எல்லாவற்றிலும் உண்டு. சிற்றூர் ஒன்றுக்குக் குடிபெயரும் ஒருவர்கூட அரைமணி நேரத்தில் அப்படியொரு சபை அருகில் இருக்கிறதா என்று அறிந்துகொள்ளலாம். அதற்குத் துணைசெய்யும் பட்டியல்கள் தோன்றிச் சில பத்தாண்டுகளே ஆகின்றன. ஒவ்வொரு பெயரும் அவற்றில் ஏறுவதற்கு ஒரு சபை கூடிப் பேசி, வாதிட்டு, வாக்களித்து, சில இடங்களில் தன் தாய்த் திருச்சபையையே இழக்க வேண்டியிருந்தது. ‘எல்லோரும் வருக’ என்ற பொதுவான வாசகம் வாசலில் தொங்கினால் போதுமா, வருகிறவரைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டுமா என்ற கேள்வியே இந்த வரலாறு நெடுகிலும் நிற்கிறது.

1961இல் இல்லினாய் மாநிலம் தன் குற்றவியல் சட்டத்தைத் திருத்தும்வரை அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் தன்பாலுறவு குற்றம். மதுக்கூடத்தில் கைதானவரின் பெயரும் முகவரியும் மறுநாள் செய்தித்தாளில் வரும், வேலை போகும், சபையிலும் இடம் போகும். ஆலயத்தில் பாடகராகவும் ஆர்கன் வாசிப்பவராகவும் ஞாயிறு பள்ளி ஆசிரியராகவும் இருந்த எத்தனையோ பேர் வாயைத் திறக்காமல் இருந்தவரைதான் அங்கே இருக்க முடிந்தது. 1946இல் அட்லாண்டா நகரில் ஜார்ஜ் ஹைட் என்பவர், தன்பாலீர்ப்பாளர்களை மறைக்கச் சொல்லாமல் நற்கருணைக்கு அழைத்த ஒரு சிறு சபையைத் தொடங்கினார். அது பரவவில்லை.

முதல் அசைவு சான் பிரான்சிஸ்கோவில் தெரிந்தது. அந்நகரின் கிளைட் நினைவு மெதடிஸ்ட் ஆலயத்தைச் சேர்ந்த டெட் மெக்கில்வென்னா என்ற இளம் போதகர், வீடின்றித் தெருவில் கிடந்த இளைஞர்களிடையே பணியாற்றினார். அவர்களில் பலர் தன்பாலீர்ப்பாளர்கள் என்பதற்காகவே வீட்டிலிருந்து துரத்தப்பட்டவர்கள் என்பதை அவர் அங்கேதான் அறிந்தார். 1964இல் போதகர்களும் தன்பாலீர்ப்பாளர் அமைப்பினரும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை உருவாக்கினர். அதற்கு நிதி திரட்ட 1965 புத்தாண்டு நாளில் கலிபோர்னியா ஹாலில் நடனவிழா வைத்தனர். போலீசார் வாசலில் விளக்குகளை நிறுத்தி, உள்ளே போகிற ஒவ்வொருவரையும் படம் பிடித்தனர்; சிலரைக் கைதும் செய்தனர். மறுநாள் போதகர்கள் பத்திரிகையாளர்களைக் கூட்டிக் காவல்துறையைக் கண்டித்தனர். தன்பாலீர்ப்பாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த அத்துமீறலை, கழுத்துப்பட்டி அணிந்த பாதிரிமார் கண்ணால் கண்டு சொன்னபோதுதான் நகரம் காதுகொடுத்தது.

தேடி வருவதற்கென்று ஒரு முகவரியைத் தந்தவர் டிராய் பெர்ரி. 1940இல் புளோரிடாவின் டலஹாசியில் பிறந்தவர். பதினைந்து வயதிலேயே பிரசங்கியார் ஆனவர். மணமாகி இரண்டு மகன்கள் பிறந்தனர். தன்பாலீர்ப்பு வெளிப்பட்டபின் அவருடைய பெந்தெகொஸ்தே திருச்சபை அவரைப் போதகர் பொறுப்பிலிருந்து நீக்கியது. ராணுவப் பணி முடிந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்துக்குத் திரும்பிய அவர், 1968இல் காதல் முறிவுக்குப்பின் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தார். அதே ஆண்டில் அவருடன் மதுக்கூடத்துக்கு வந்த நண்பர் ஒருவரைப் போலீசார் கைது செய்தனர். விடுதலையாகி வந்த நண்பர், யாருக்கும் நம்மேல் அக்கறையில்லை, கடவுளுக்கும் இல்லை என்று மனம் நொந்து சொன்னார். அந்தப் பேச்சுதான் பெர்ரியை ஒரு சபை தொடங்கச் செய்தது.

தொடங்கிய விதம் கவனிக்கத்தக்கது. தன்பாலீர்ப்பாளர்களுக்காக லாஸ் ஏஞ்சல்ஸில் ஓராண்டுக்கு முன் தொடங்கப்பட்டிருந்த ‘அட்வகேட்’ இதழில் பெர்ரி காசு கொடுத்து ஒரு விளம்பரம் வெளியிட்டார். 1968 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை, ஹண்டிங்டன் பார்க்கில் உள்ள அவர் வீட்டு வரவேற்பறையில் பன்னிரண்டு பேர் கூடினர். ஒன்பது பேர் அவருடைய நண்பர்கள். மூன்று பேர் மட்டுமே விளம்பரத்தைப் பார்த்து வந்தவர்கள். அன்றைய காணிக்கை 3 டாலர் 18 சென்ட். அந்த மூவரின் வருகைதான் பெரிய செய்தி. பழக்கமில்லாத ஒருவர் வீட்டுக்கு, அது போலீஸ் வைத்த பொறியாகவும் இருக்கலாம் என்று அஞ்ச வேண்டிய காலத்தில், வந்து கதவைத் தட்டினார்கள். தம்மைப் பெயர் சொல்லி அழைத்த ஆலய அறிவிப்பை அவர்கள் வேறெங்கும் கண்டிருக்க வாய்ப்பில்லை.

மெட்ரோபாலிடன் கம்யூனிட்டி சர்ச் என்று பெயரிடப்பட்ட அந்தச் சபைக்கு வீடு விரைவில் போதாமல் போயிற்று. வாடகை அரங்குகளுக்கு மாறி, பிறகு ஹாலிவுட்டின் என்கோர் திரையரங்கில் கூடியது. 1970இல் பிற நகரங்களின் சபைகளும் சேர்ந்து ஒரு திருச்சபைக் கூட்டமைப்பு உருவானது. 1971 மார்ச்சில் லாஸ் ஏஞ்சல்ஸில் சொந்தக் கட்டடம் பிரதிஷ்டை செய்யப்பட்டபோது ஆயிரம் பேருக்கு மேல் வந்திருந்தனர். ஆண்-பெண் தம்பதிகளுக்கு நடப்பதைப் போன்ற திருமணச் சடங்கைத் தன்பால் இணைகளுக்கும் நடத்தியதும், பெண்களுக்குப் போதகர் பொறுப்பு தந்ததும் இச்சபையின் தொடக்க காலத்திலேயே நிகழ்ந்தவை. பெந்தெகொஸ்தேக்காரரும் கத்தோலிக்கரும் பாப்டிஸ்டும் ஒரே கூரையின்கீழ் வந்ததால் வழிபாட்டு முறை ஊருக்கு ஊர் மாறியது. ஞாயிறுதோறும் எல்லோருக்கும் திருவிருந்து உண்டு என்பது மட்டும் மாறவில்லை. வேறு ஆலயங்களில் மறுக்கப்பட்டது அதுதான் என்பதால், இங்கே அதற்கு முதலிடம் கிடைத்தது.

அழைப்பு வெளிப்படையானபின் எதிர்ப்பும் வெளிப்படையானது. 1973 ஜனவரி 27 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் ஆலயம் எரிந்து போனது. அதே ஆண்டு ஜூலையில் சான் பிரான்சிஸ்கோ சபையின் கட்டடமும் தீக்கிரையானது. இவை இரண்டுக்கும் இடையே நியூ ஆர்லியன்ஸில் நடந்தது இந்த வரலாற்றின் மிகக் கொடிய நாள்.

அந்நகரின் பிரெஞ்சுக் குடியிருப்பில், ஷார்ட்ர் தெருவும் ஐபர்வில் தெருவும் சந்திக்கும் முனையில், மாடியில் இருந்தது அப்ஸ்டேர்ஸ் லவுஞ்ச் என்ற மதுக்கூடம். உள்ளூர் மெட்ரோபாலிடன் சபை முன்பு அங்கேதான் ஆராதனை நடத்தியது. தனி இடம் கிடைத்தபின்னும் ஞாயிறு ஆராதனை முடிந்து பலர் அங்கே கூடுவது வழக்கம். 1973 ஜூன் 24, ஞாயிறு மாலை, படிக்கட்டில் யாரோ எரிதிரவம் ஊற்றித் தீவைத்தனர். கதவைத் திறந்ததும் நெருப்பு உள்ளே பாய்ந்தது. சன்னல்களில் கம்பிகள். 32 பேர் இறந்தனர். சபையின் போதகர் பில் லார்சன் சன்னல் கம்பிகளுக்கிடையே சிக்கி எரிந்தார். அவர் உடல் பல மணிநேரம் தெருவிலிருந்து பார்க்கும்படி அங்கேயே விடப்பட்டது. துணைப் போதகர் ஜார்ஜ் மிட்செல் தப்பி வெளியே வந்துவிட்டார். தன் துணைவர் லூயி புரூசார்ட் வரவில்லை என்று கண்டு திரும்ப உள்ளே ஓடினார். இருவரும் மடிந்தனர். சபையின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்த மாலையில் அழிந்தது. இறந்தவர்களில் சிலரின் உடல்களை வாங்க யாரும் வரவில்லை. இதற்காக எவர்மீதும் வழக்குத் தொடரப்படவில்லை.

இறந்தவர்களுக்காக ஜெபிக்க இடம் கேட்டபோது பல ஆலயங்கள் கதவைச் சாத்தின. மறுநாளே தன் புனித ஜார்ஜ் எபிஸ்கோப்பல் ஆலயத்தில் சிறு ஜெபக்கூட்டத்துக்கு இடம்கொடுத்த வில்லியம் ரிச்சர்ட்சன் என்ற குருவானவரை அவருடைய பேராயரே கடிந்துகொண்டார். வசைக் கடிதங்கள் வந்து குவிந்தன. ஜூலை 1 அன்று புனித மாற்கு மெதடிஸ்ட் ஆலயம் நினைவு ஆராதனைக்கு இடம் தந்தது. மெதடிஸ்ட் பேராயர் ஃபினிஸ் கிரட்ச்ஃபீல்டும் வந்திருந்தார். ஆராதனை முடியும்போது, வெளியே தொலைக்காட்சிக் கேமராக்கள் காத்திருக்கின்றன, முகம் தெரியவேண்டாம் என்போர் வேறு வாசல் வழியாகப் போகலாம் என்று பெர்ரி அறிவித்தார். கூட்டம் முன்வாசல் வழியாகவே வெளியேறியது. முகம் தெரிந்தால் வேலை போகும் என்று அறிந்தே செய்த காரியம் அது.

தனிச் சபை தொடங்குவது ஒரு வழி. பிறந்து, ஞானஸ்நானம் பெற்று வளர்ந்த திருச்சபையிலேயே இடம் கேட்பது மற்றொரு வழி. எழுபதுகளில் இரண்டாவது வழியும் சூடுபிடித்தது. யுனைடெட் சர்ச் ஆஃப் கிறைஸ்ட் என்ற சீர்திருத்தத் திருச்சபை 1972 ஜூனில் கலிபோர்னியாவின் சான் கார்லோஸில் வில்லியம் ஜான்சனுக்குக் குருப்பட்டம் அளித்தது. மரபான பெரிய திருச்சபைகளில், வெளிப்படையான தன்பாலீர்ப்பாளர் ஒருவர் குருப்பட்டம் பெற்றது அதுவே முதல்முறை. 1974இல் லூயிவில் நகரில் நடந்த பிரஸ்பிடேரியன் பொதுப்பேரவையில் டேவிட் சிண்ட் என்ற போதகர், தன்னைப்போன்ற வேறு தன்பாலீர்ப்பாளர் யாராவது உண்டா என்று கேட்கும் அட்டையைக் கையில் ஏந்தி நின்றார். அதே ஆண்டு ஜார்ஜியாவின் ஃபோர்ட் வேலி என்ற சிற்றூரிலிருந்து லூயி க்ரூ என்ற பேராசிரியர் எபிஸ்கோப்பல் திருச்சபையின் தன்பாலீர்ப்பாளர்களுக்காக ‘இண்டெக்ரிட்டி’ என்ற செய்திமடலை அனுப்பத் தொடங்கினார். அது நாடு தழுவிய அமைப்பாக வளர்ந்தது. கத்தோலிக்கருக்கு டிக்னிட்டி என்ற அமைப்பு 1969இலேயே சான் டியேகோவில் தோன்றியிருந்தது.

ஊர்ச் சபைகளை வாய்திறக்க வைத்தவை பெரும்பாலும் மேலிடத்தின் தடைகளே. 1978இல் ஐக்கிய பிரஸ்பிடேரியன் திருச்சபையின் பேரவை, தன்பாலீர்ப்பாளர்களுக்குக் குருப்பட்டம் இல்லை என்று தீர்மானித்தது. நியூயார்க்கின் வெஸ்ட்-பார்க் பிரஸ்பிடேரியன் ஆலயமும் அதன் போதகர் ராபர்ட் டேவிட்சனும் அதை ஏற்க மறுத்துத் தம் நிலையை எழுத்தில் அறிவித்தனர். ‘மோர் லைட்’ என்ற பெயரில் பின்னர் பல ஆலயங்கள் பின்பற்றிய அறிக்கைகளுக்கு அதுவே முன்னோடி. 1984இல் மெதடிஸ்ட் பொதுமாநாடு இதேபோன்ற தடையைச் சட்டமாக்கிய சில மாதங்களுக்குள் ‘ரிகன்சைலிங்’ சபைகளின் பட்டியல் தொடங்கிற்று. நியூயார்க்கின் வாஷிங்டன் ஸ்கொயர் ஆலயமும் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகர் வெஸ்லி ஆலயமும் அதில் முதலில் சேர்ந்தவை. லூத்தரன் சபைகளின் பட்டியலும் அதே ஆண்டில் பிறந்தது. யுனைடெட் சர்ச் ஆஃப் கிறைஸ்டில் மட்டும் தலைமைப் பேரவையே முன்கை எடுத்தது: 1985இல் அயோவா மாநிலம் ஏம்ஸில் கூடியபோது, தன்பாலீர்ப்பாளர்களை ஏற்பதாக ஊர்ச் சபைகள் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. இன்று 1,500க்கும் மேற்பட்ட சபைகள் அப்படி அறிவித்திருக்கின்றன.

பட்டியலில் பெயர் சேர்வதற்கான நடைமுறை எல்லாத் திருச்சபைகளிலும் ஏறத்தாழ ஒன்றே. முதலில் சபை மூப்பர்கள் ஒரு குழுவை அமைப்பார்கள். ஓராண்டோ இரண்டாண்டோ வேதபாடக் கூட்டங்கள் நடக்கும். சோதோம் பற்றிய ஆதியாகமப் பகுதி, லேவியராகமம், பவுலின் நிருபங்கள் எல்லாம் வரிக்குவரி வாசிக்கப்படும். பிறகு உறுப்பினர்களின் வீடுகளில் சிறு சிறு கூட்டங்கள். மனதைத் திருப்பியவை பெரும்பாலும் இந்த வீட்டுக் கூட்டங்களே. முப்பது ஆண்டுகள் அதே பெஞ்சில் அமர்ந்த ஒரு தாய், தன் மகன் ஏன் ஆலயத்துக்கு வருவதை நிறுத்தினான் என்று முதன்முறையாக வாய்திறந்து சொல்வது இங்கேதான். கடைசியில் சபைக்கூட்டமும் வாக்கெடுப்பும். நூலிழையில் வென்றால் சபை உடையும் என்பதால் முக்கால்வாசிப் பேராவது ஒப்ப வேண்டும் என்று பல சபைகள் தமக்குத் தாமே விதித்துக்கொண்டன. தீர்மானத்தில் யாருடைய பெயர் வருகிறது என்பது முக்கியம். எண்பதுகளின் அறிக்கைகளில் திருநர் பற்றிய பேச்சே பெரும்பாலும் இல்லை. யுனைடெட் சர்ச் ஆஃப் கிறைஸ்டின் பேரவை 2003இல்தான் அவர்களுக்கென்று தீர்மானம் நிறைவேற்றியது. பழைய அறிக்கை வைத்திருந்த சபைகள் மீண்டும் கூடித் திருத்த வேண்டியிருந்தது.

இந்த வாக்கெடுப்புகள் நடந்த ஆண்டுகளில்தான் எய்ட்ஸ் பரவியது. சவ அடக்கத்துக்கு வர மறுத்த போதகர்களும், பெட்டியைத் திறக்க மறுத்த அடக்கநிலையங்களும் இருந்த காலம். மெட்ரோபாலிடன் சபைகளில் வாரந்தோறும் நினைவு ஆராதனைகள் நடந்தன. அச்சபையின் போதகர் ஸ்டீவ் பீட்டர்ஸ், தானே எய்ட்ஸ் நோயாளி. 1985 நவம்பரில் பழைமைவாதக் கிறித்தவத் தொலைக்காட்சியில் டாமி ஃபே பேக்கர் அவரைச் செயற்கைக்கோள் வழியாகப் பேட்டி கண்டார். கிறித்தவர்கள் ஒரு நோயாளியை அணைத்துக்கொள்ளவே அஞ்சுவது எவ்வளவு துயரம் என்று டாமி ஃபே கண்ணீர் மல்கச் சொன்னதை லட்சக்கணக்கான பழைமைவாதக் குடும்பங்கள் பார்த்தன. லாஸ் ஏஞ்சல்ஸில், பாடகராக இருந்து போதகரான கார்ல் பீன், கறுப்பினத் தன்பாலீர்ப்பாளர்களுக்காக யூனிட்டி ஃபெலோஷிப் சபையைத் தன் வீட்டு வேதபாட வகுப்பிலிருந்து வளர்த்தெடுத்தார். 1985இல் சிறுபான்மையினருக்கான எய்ட்ஸ் உதவித் திட்டத்தையும் தொடங்கினார். வெள்ளையர் நிறைந்த ஆலயத்தில் நிறத்தாலும், கறுப்பினத்தவர் ஆலயத்தில் ஈர்ப்பாலும் தள்ளப்பட்டவர்களுக்கு அது முதல் வீடு. சான் பிரான்சிஸ்கோவில் இவெட் ஃபிளண்டர் 1991இல் நிறுவிய சிட்டி ஆஃப் ரெஃப்யூஜ் சபையும் இதே வழியில் வந்தது.

அறிவித்த சபைகள் விலையும் கொடுத்தன. வட கரோலினாவின் ராலே நகரில் புல்லன் நினைவு பாப்டிஸ்ட் ஆலயம் 1992இல் இரண்டு ஆண்களின் இணைவை ஆசீர்வதிக்க முடிவெடுத்தது. அருகிலுள்ள சேப்பல் ஹில்லின் பிங்க்லி ஆலயம் தன்பாலீர்ப்பாளரான இறையியல் மாணவருக்குப் பிரசங்க உரிமம் அளித்தது. தெற்கு பாப்டிஸ்ட் பேரவை அதே ஆண்டு இரண்டையும் வெளியேற்றியது. சான் பிரான்சிஸ்கோவில் 1990இல் தன்பாலீர்ப்பாளர் மூவருக்குக் குருப்பட்டம் அளித்த இரண்டு லூத்தரன் சபைகள் முதலில் இடைநீக்கம் செய்யப்பட்டு, 1995 இறுதியில் நீக்கப்பட்டன. அவற்றை நீக்கிய லூத்தரன் திருச்சபையே 2009இல் தன் விதியை மாற்றி, அந்த மூவரையும் அடுத்த ஆண்டு குருக்களாக ஏற்றது. மெதடிஸ்ட் போதகர் ஜிம்மி க்ரீச் தன்பால் இணைகளுக்குச் சடங்கு நடத்தியதற்காக இருமுறை திருச்சபை விசாரணையைச் சந்தித்து, 1999இல் குருப்பட்டத்தை இழந்தார்.

கத்தோலிக்கப் பங்குகளில் வாக்கெடுப்பு நடத்தும் வழி இல்லை. முடிவு ஆயரிடமும் ரோமிடமும் இருக்கிறது. 1986 அக்டோபரில் தன்பாலீர்ப்பாளர்கள் குறித்து வத்திக்கான் வெளியிட்ட கடிதத்துக்குப்பின் டிக்னிட்டி குழுக்கள் பல மறைமாவட்டங்களில் ஆலயக் கட்டடத்தைவிட்டு வெளியேற்றப்பட்டன. சகோதரி ஜீனின் கிராமிக்கும் அருட்தந்தை ராபர்ட் நியூஜென்டும் 1977இல் தொடங்கிய நியூ வேஸ் மினிஸ்ட்ரி, நல்லபடி வரவேற்கும் பங்குகளின் பட்டியலைத் தயாரித்தது. 1999இல் ரோம் அவ்விருவரையும் இப்பணியிலிருந்து தடைசெய்தது, பட்டியல் நிற்கவில்லை. 2023 டிசம்பரில் போப் பிரான்சிஸ் ஒப்புதலுடன் வந்த அறிக்கை, திருமணச் சடங்கின் சாயல் இல்லாமல் தன்பால் இணைகளை ஆசீர்வதிக்கக் குருக்களை அனுமதித்தது.

இங்கிலாந்தில் தூண்டுகோலாக அமைந்தது ஒரு நியமனம். 2003இல் ரெடிங் ஆயராக அறிவிக்கப்பட்ட ஜெஃப்ரி ஜான், தன்பாலீர்ப்பாளர் என்பதற்காக எழுந்த எதிர்ப்பால் விலக நேர்ந்தது. சில வாரங்களில் லண்டனின் புட்னி புனித மரியாள் ஆலயத்தில் கூடியவர்கள் ‘இன்க்ளூசிவ் சர்ச்’ என்ற அமைப்பைத் தொடங்கினர். 1647இல் எளிய படைவீரர்கள் வாக்குரிமை கேட்டு வாதிட்ட அதே ஆலயம் அது. இன்க்ளூசிவ் சர்ச்சின் அறிக்கையில் கையெழுத்திடும் ஆங்கிலிக்கப் பங்குகளின் பெயர்கள் பொதுவில் வெளியிடப்படுகின்றன.

தேடும் முறை காலத்தோடு மாறியது. எழுபதுகளில் தன்பாலீர்ப்பாளர் இதழ்களின் கடைசிப் பக்க விளம்பரம், எண்பதுகளில் அஞ்சலில் வந்த செய்திமடலின் பின்னட்டைப் பட்டியல், தொண்ணூறுகளுக்குப்பின் கணினி. வாசலில் வானவில் கொடியோ அறிவிப்புப் பலகையின் ஓரத்தில் சிறு வானவில் பட்டையோ கண்டு உள்ளே நுழைவோரும் உண்டு. 2004இல் யுனைடெட் சர்ச் ஆஃப் கிறைஸ்ட் ஒரு தொலைக்காட்சி விளம்பரம் தயாரித்தது. ஆலய வாசலில் கயிறு கட்டி நிற்கும் காவலர்கள் சிலரை உள்ளே விட்டு, இரண்டு ஆண்கள் உட்படப் பலரைத் திருப்பி அனுப்புவதைக் காட்டிய அதை சிபிஎஸ், என்பிசி நிறுவனங்கள் ஒளிபரப்ப மறுத்தன.

கொடியைவிடக் கொள்கை முக்கியம் என்பது பலர் பட்டு அறிந்த உண்மை. அன்போடு கைகுலுக்கி அமரவைத்த சபையில், பாடகர் குழுவில் சேரவோ திருமணம் நடத்தவோ குழந்தைக்கு ஞானஸ்நானம் கேட்கவோ போனபோது கதவு சாத்தப்பட்ட அனுபவம் ஏராளம். ஆண்டுக்கணக்கில் நேரமும் காணிக்கையும் நட்பும் செலுத்தியபின் அதை அறிவது கொடுமை. 2017இல் தொடங்கிய சர்ச் கிளாரிட்டி என்ற அமைப்பு, ஆலயங்கள் தம் கொள்கையைத் தெளிவாக வெளியிட்டிருக்கின்றனவா என்பதையே முதலில் மதிப்பிடுகிறது. ஏற்காத சபையும்கூட அதை முன்கூட்டியே சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது என்பது அதன் வாதம். சரியான வாதம். தன்பால் இணைக்குத் திருமணம் நடத்துவீர்களா, திருநரைப் போதகராகவோ மூப்பராகவோ ஏற்பீர்களா, சபை இதை வாக்கெடுத்து எழுதியிருக்கிறதா என்று போதகரிடம் நேரே கேட்டால், பதிலிலோ பதிலின் தயக்கத்திலோ நிலைமை தெரிந்துவிடும்.

பெரிய திருச்சபைகளின் தடைகள் ஒவ்வொன்றாக நீங்கிவருகின்றன. அமெரிக்கப் பிரஸ்பிடேரியன் திருச்சபை குருப்பட்டத் தடையை 2011இல் நீக்கி, 2015இல் தன்பால் திருமணத்தையும் ஏற்றது. ஐக்கிய மெதடிஸ்ட் திருச்சபையில் இந்தப் பிணக்கு பிளவில் முடிந்தது: 2019 முதல் 2023 வரை அமெரிக்காவில் 7,600க்கும் மேற்பட்ட சபைகள், ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, வெளியேறின. 2024 மே 1 அன்று சார்லட் நகரில் கூடிய பொதுமாநாடு, நாற்பது ஆண்டுப் பழைய குருப்பட்டத் தடையை 692க்கு 51 என்ற வாக்கில் நீக்கியது. ஆனால் தன்பால் திருமணத்தை நடத்துவதா வேண்டாமா என்பது இன்னும் அந்தந்தப் போதகரின், ஊர்ச் சபையின் விருப்பத்தில்தான் விடப்பட்டிருக்கிறது. ஆகவே திருச்சபையின் பெயரை மட்டும் நம்பி உள்ளே போக முடியாது. ஊர்ச் சபை தன் முடிவை எழுதி வெளியிட்டிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும்.